மனநோய் பாவத்தின் பலனா?

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் குன்னத்துகால். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் அப்பகுதியில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் அன்பரின் இல்லத்தில் சத்சங்கம் நடைபெற்றது. கீதையின் முதல் அத்தியாயத்தைப் பற்றிப் பேசினேன். பிரசாதம் வழங்கப்பட்டு எல்லோரும் விடைபெறும் வரை ஒரு மூலையில் காத்திருந்த தாய் ஒருவர் அருகில் வந்தார்.

“சுவாமி, என் மகனுக்கு 23 வயது. நான்கு மாதங்களாக இரவில் உறங்குவதில்லை. தனக்குத் தானே பேசிக்கொள்கிறான். பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சொல்கிறான். நான் போடும் சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இரண்டு முறை மந்திரவாதியிடம் அழைத்துச் சென்றோம். இனிமேல் கட்டிப்போட்டுத்தான் வைக்க வேண்டும் என்கிறார் என் அண்ணன். நான் என்ன பாவம் செய்தேன், சுவாமி?”

இக்கேள்வி அந்தத் தாய் ஒருவருடையது மட்டுமன்று. நம் அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில், கதவை மூடிக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது. எனவே இதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மனம் ஒரு கருவி

சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மனத்தின் இயல்பை உணர்த்தும் இடம் ஒன்று உண்டு. பதினைந்து நாட்கள் உணவு கொள்ளாமல் நீர் மட்டும் அருந்தியிருக்கும்படி கூறுகிறார். அதன்பின் வேதங்களைச் சொல்லுமாறு பணிக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கற்ற மகனுக்கு எதுவும் நினைவில் எழவில்லை. உணவு உண்ட பின் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. உண்ணும் அன்னத்தின் நுண்ணிய பகுதியே மனமாகிறது என்பது அங்கு அவன் பெறும் பாடம்.

இதன் பொருள் என்ன? வேதாந்தத்தின்படி மனம் ஆன்மா அன்று. அது நுண்ணிய ஜடப்பொருள். ஆன்மாவின் கையிலுள்ள அகக்கருவி. கருவி எதுவாயினும் பழுதுபடக் கூடும். கண்ணில் புரை வளர்ந்தால் அது பார்ப்பவனின் ஒழுக்கக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. மனம் என்னும் கருவி பழுதுபட்டால் மட்டும் பாவம் என்கிறோம், பக்தி போதவில்லை என்கிறோம். சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. பதஞ்சலி முனிவர் யோகத்தின் தடைகள் ஒன்பதைப் பட்டியலிடும்போது முதலாவதாக வைப்பது நோயைத்தான்.

“முன்வினைப் பயன் இல்லையா?” என்று சிலர் கேட்பர். கர்மக் கொள்கை, ஒருவன் தன் வாழ்வைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளவும், வருவதைத் துணிவுடன் ஏற்கவும் தரப்பட்டது. பிறருடைய துன்பத்தை அளந்து தீர்ப்புக் கூறுவதற்கு அன்று. நோய் வினைப்பயன் என்றால், அதைத் தீர்க்கும் மருத்துவர் நமக்குக் கிடைப்பதும் வினைப்பயனே அல்லவா?

நோய்களை அறிவோம்

வாழ்வில் துயரம் வருவது இயல்பு. குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனின் உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, வில் கைநழுவியது. ஆயினும் அவனால் தன் நிலையை எடுத்துச் சொல்லவும், கேட்கவும், சிந்திக்கவும் முடிந்தது. அதனால் உபதேசம் அவனைத் தேற்றியது. துயரம் வேறு, நோய் வேறு. நோயில் அந்தக் கேட்கும் கருவியே சோர்ந்துவிடுகிறது.

இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் கனத்து, எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் குலைந்து, ‘நான் பயனற்றவன்’ என்ற எண்ணம் ஓயாமல் எழுமானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காரணமின்றி நெஞ்சு படபடத்து, இப்போதே உயிர் போய்விடும் என்ற அச்சம் திடீர் திடீரென்று தாக்குவது பதற்ற நோயின் ஒரு வகை. கைகளை மணிக்கணக்கில் கழுவுவதும், பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் சோதிப்பதும், பூஜையறையில் வேண்டாத எண்ணங்கள் எழுந்து வதைப்பதும் எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகள். இதை ஆசாரம் என்று தவறாகப் போற்றும் வீடுகளும் உண்டு. அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வருவது இருதுருவ நோய். இல்லாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற சந்தேகங்கள் அசையாத உறுதியாவதும் மனச்சிதைவு நோயின் அறிகுறிகள். அந்தத் தாய் சொன்னவை இந்த நோயையே நினைவூட்டின. இளமைப் பருவத்தில்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது.

இவை அரியவை அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம், கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

ஒரே காரணத்தைச் சுட்ட இயலாது. பரம்பரை இயல்பு, மூளையின் வேதிப்பொருள்களில் ஏற்படும் மாற்றம், தைராய்டு போன்ற உடல் நோய்கள், மகப்பேறு, மது, கஞ்சா, சிறுவயதில் பட்ட கொடுமை, பிரிவு, கடன் எனப் பல இழைகள் சேர்ந்தே நோய் உருவாகிறது. செய்வினை என்று ஒருவரைச் சுட்டிவிட்டால் குடும்பத்திற்குப் பகைவன் கிடைப்பான். நோயாளிக்கு மருந்து கிடைக்காது.

சங்கிலியும் சன்னிதியும்

கட்டிப்போடுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது அந்தத் தாய்க்கு ஏர்வாடியை நினைவுபடுத்தினேன். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் தர்காவை நாடி எல்லா மதத்தினரும் மனநோயாளிகளை அழைத்து வருவர். அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். வேறு வழி அறியாத தாய் தந்தையரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்துள்ளது.

அப்படியானால் ஆலயத்திற்குச் செல்வது வீணா? இல்லை. தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். சுமார் ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. உறவினர் ஒருவர் உடன் தங்கினார். காலை வழிபாடு, கோயிலில் சிறு சிறு வேலைகள், அச்சுறுத்தாத சூழல், இவையே இருந்தன.

இறைவன் சன்னிதி ஆறுதல் தருகிறது என்பதற்கு இது சான்று. ஆறுதலோடு நின்றுவிடலாகாது என்பதற்கும் சான்று. எஞ்சிய நான்கு பங்கிற்கு மருத்துவம் வேண்டும்.

சிகிச்சை

மனச்சிதைவுக்கான முதல் நவீன மருந்து 1952இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் எத்தனையோ பேர் காப்பகங்களை விட்டு வீடு திரும்பினர். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ‘பத்து நாளாயிற்று, குணமில்லை’ என்று நிறுத்திவிடக் கூடாது. குணமான பின்னும் பல மாதங்கள் தொடர வேண்டும். சிலருக்கு, குறிப்பாக மனச்சிதைவிலும் இருதுருவ நோயிலும், பல ஆண்டுகள் தேவைப்படும். மனச்சோர்வு மருந்துகள் மதுவைப் போல அடிமைப்படுத்துவன அல்ல. சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகக் கூடும்; அவற்றை மருத்துவர் சொல்லும் அளவிலும் காலத்திலும் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

மருந்து மட்டுமே சிகிச்சை அன்று. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகச் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை பதற்றத்திற்கும் எண்ணச் சுழற்சிக்கும் மிகவும் உதவுகிறது. ஒழுங்கான உறக்கம், உடலுழைப்பு, பிரார்த்தனை, நல்லோர் சேர்க்கை ஆகியவை துணை நிற்கும். ஆனால் மனச்சிதைவு தீவிரமாக உள்ள நிலையில் நீண்ட நேரத் தியானமும் கடும் உபவாசமும் தீங்கு செய்யக் கூடும். அந்நிலையில் எளிய நாமஜபமும் சேவையும் போதும்.

ஒரு தவறு

இவ்வளவையும் சொல்லும் நான், ஒரு காலத்தில் இதை அறியாதவன். துறவறத்தின் தொடக்க ஆண்டுகளில் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, “ஜபத்தில் மனம் நிற்கவில்லை, எதிலும் ருசியில்லை, காலையில் எழவே முடியவில்லை” என்றார். தமோ குணம் என்று எண்ணி, ஜபத்தை இரட்டிப்பாக்கும்படி கூறினேன். அவர் முயன்றார், முடியவில்லை. ‘இறைவனுக்கும் வேண்டாதவன் ஆனேன்’ என்ற எண்ணமும் முன்பிருந்த சுமையோடு சேர்ந்துகொண்டது. சில மாதங்களில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். தெய்வாதீனமாகக் காப்பாற்றப்பட்டார். மருத்துவமனையில் என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் சொல் “மன்னியுங்கள், சுவாமிஜி” என்பது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். தத்துவம் பயின்ற எனக்கு, எதிரில் அமர்ந்திருந்தவரிடம் “உறங்குகிறீர்களா? உண்கிறீர்களா? வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா?” என்று கேட்கத் தோன்றவில்லை. அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. மனம் திறக்க வழி செய்யும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நாவைக் காப்போம். திருவனந்தபுரத்தில் ‘ஊளம்பாறை’, சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயர்களை ஏளனமாகச் சொல்கிறோம். நோய் தீர்க்கும் இடத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கினால், அங்கே செல்ல யார் துணிவார்? இரண்டாவது, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மூன்றாவது, நோயாளியின் அருகில் இருப்போம். “தைரியமாக இரு” என்னும் அறிவுரையைவிட, “வா, மருத்துவமனைக்கு நானும் வருகிறேன்” என்னும் சொல் உயர்ந்தது.

குன்னத்துகால் அன்னையிடம் அன்று நான் சொன்னது இவ்வளவே: “அம்மா, நீங்கள் பாவம் செய்யவில்லை. உங்கள் மகனும் செய்யவில்லை. அவனுக்கு நோய் வந்திருக்கிறது. நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பிரார்த்தனையை நிறுத்த வேண்டாம்.” அருகில் நின்ற அவருடைய அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வண்டி அமர்த்தி அழைத்துச் சென்றவர் அவர்தான்.

ஓராண்டு கழித்து அந்த இளைஞரைச் சத்சங்கத்தில் கண்டேன். இடையில் ஒருமுறை மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்பியதாகவும், இப்போது தவறாமல் உட்கொள்வதாகவும் கூறினார். அதிகாலையில் மாமாவுடன் ரப்பர் பால் வெட்டச் செல்கிறார். சில நாட்களில் குரல்கள் இன்னும் மெல்லக் கேட்கின்றனவாம். “அது நோயின் குரல், என் குரல் இல்லை என்று தெரிகிறது, சுவாமி” என்றார்.

தோன்றி மறையும் எண்ணங்களைச் சாட்சியாக நின்று காண் என்று வேதாந்தம் சொல்கிறது. மாத்திரையின் துணையோடும் மாமாவின் துணையோடும் அந்த இளைஞர் அதைப் பயின்றுகொண்டிருந்தார். இத்தகைய துணை கிடைக்காதவர்கள் நம் தெருவிலேயே இருக்கக் கூடும். அவர்களுக்குத் துணையாக நிற்பதும் இறைவழிபாடே.