கொடுங்கோலில் குடிமக்களின் பங்கு

2025 ஜூன் மாத இறுதியில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர் போலீஸ் விசாரணையில் உயிரிழந்தார். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்ற புகாரில் பிடித்துச் செல்லப்பட்டவர் அவர். உடலில் 44 காயங்கள் இருந்ததாக உடற்கூறாய்வு சொன்னது. அரசு தன் குடிமகனையே கொன்றிருக்கிறது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மனம் வெதும்பியது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அத்துடன் கணக்கு தீர்ந்துவிடவில்லை. அடித்த கைகளுக்குச் சட்டம் தண்டனை தரலாம். அந்தக் கைகளுக்கு அதிகாரம் தந்த அரசை அமர்த்தியவர்கள் குடிமக்கள். எனவே அந்தப் பழியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மதுரை மண்ணுக்கு இந்தத் துயரம் புதிதன்று. காணாமல் போன சிலம்புக்காக, பொற்கொல்லன் சொல்லை நம்பி, தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல வைத்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். உண்மை தெரிந்ததும் வாளேந்திய காவலன்மேல் அவன் பழிபோடவில்லை. பிழையைத் தன்னுடையதாக ஏற்று அரியணையிலேயே உயிர்விட்டான். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையும் இந்த அறத்தையே சொல்கிறது. செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் ஆராய்ந்து பார்ப்பதை முதற்கடமையாக வைக்கிறார். அடுத்த அதிகாரத்தில், குடிகளை வருத்தும் மன்னனைக் கொலைகாரனைவிடக் கொடியவன் என்கிறார். மழை பொய்த்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று சோழன் கிள்ளிவளவனிடம் எடுத்துச் சொன்னார் புலவர் வெள்ளைக்குடி நாகனார். ஆட்சி யாருடையதோ, பழியும் அவருடையது என்பதே நம் முன்னோர் வகுத்த நெறி.

இன்று அந்த ஆட்சி யாருடையது? 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, மக்களின் பெயராலேயே தொடங்குகிறது. மன்னனின் உரிமை மக்களுக்கு வந்துவிட்டது. அவன் சுமந்த பழி மட்டும் எப்படி வராமல் போகும்? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ், தம் நாட்டின் கொடுமைகளை எண்ணி 1946-இல் எழுதிய நூலில், குற்றம் இழைத்தவரின் குற்றம் வேறு, குடிமக்களின் அரசியல் பொறுப்பு வேறு என்று பிரித்தார். இரண்டாவதிலிருந்து எவரும் விலக முடியாது என்றார். சர்வாதிகாரியின் கீழ் வாழ்ந்தவர்களுக்கே அந்தப் பொறுப்பு உண்டென்றால், வாக்குரிமை உள்ள நமக்கு எத்தனை மடங்கு உண்டு!

தோற்ற கட்சிக்கு வாக்களித்தவர் என்ன செய்வார், காவல் நிலையத்துக்குள் நடப்பது சாமானியருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எல்லோர் பொறுப்பும் ஒரே அளவு அன்று. ஆனால் தெரியாது என்று சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா? கைதானவர் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்து, வழுக்கி விழுந்தாராம் என்று சிரித்துப் பகிர்ந்தது யார்? என்கவுண்டர் செய்திக்குக் கைதட்டியது யார்? லாடம் கட்டும் போலீஸ் நாயகனுக்குத் திரையரங்கில் விசிலடித்தது யார்? அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் லத்திக்குத் துணிச்சல் வருகிறது.

2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் விசாரணைக்குப் பின் தந்தையும் மகனும் இறந்தபோதும் நாடு கொதித்தது. கொதிப்பு அடங்கியது, ஐந்தே ஆண்டுகளில் மடப்புரம். கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 1996-இலேயே டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. இதற்காக எந்தக் கட்சியும் தேர்தலில் தோற்றதில்லை. நாம் கேட்காததால் அவர்கள் செய்யவில்லை.

அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பவர் அதற்குத் துணைபோகிறார். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் சாலையும் குடிநீரும் கேளுங்கள். காவல் நிலையத்தில் அடித்துக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் எங்கே என்றும் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு உங்கள் வாக்கைத் தராதீர்கள். தெரிந்தே தந்தால், அடுத்த மரணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.