தன்வெப்பம் தணித்தல்

பிறரை உள்ளவாறு காண்பதற்குத் தடையாக நிற்பது எது? இருளா, தொலைவா, அன்றி நாமேயா? அறவோர் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வினாவை இன்று வானியலாரும் தம் வழியில் எழுப்புகின்றனர்.

கோட்டைக் கொச்சியில் நம்மவர் உழைக்கும் சலவைத்துறையை அறியாதார் நம்முள் யார்? கரிச்சூடேறிய இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஒளிர்வதில்லை. ஆயினும் அருகே நீட்டிய கை அதன் சூட்டை உணர்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வொளியே அகச்சிவப்புக் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ச்செல், ஞாயிற்றொளியை முப்பட்டகத்தால் பிரித்து, செந்நிறத்துக்கு அப்பால் வைத்த வெப்பமானி சூடேறக் கண்டு இதனை அறிந்தார்.

விண்மீன்கள் பிறக்கும் தூசு மண்டிய கருவறைகளை ஊடுருவி வருவது இக்கதிரே. ஆனால் நம் காற்றிலுள்ள நீராவி அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆதலின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் 100 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை ஐதராபாத்திலிருந்து பலூனில் வானுயர ஏற்றி ஆராய்ந்தனர்.

காற்றைக் கடந்தாலும் இன்னொரு தடை உண்டு. தொலைநோக்கியே சூடுடையதாயின், அதன் வெப்பமே அகச்சிவப்பாய் ஒளிர்ந்து, தொலைவிலிருந்து வரும் மெல்லொளியை மூழ்கடிக்கும். 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டது. பத்துத் திங்களில் ஹீலியம் தீர்ந்ததும் அதன் பார்வையும் முடிந்தது. 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ, 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்தடுக்குத் திரையின் நிழலில், சுழியத்துக்குக் கீழ் 220 பாகைக்கும் மிகுந்த குளிரில் நின்று காண்கிறது.

இங்கே நமக்கொரு பாடம் உண்டு. தமிழில் நாம் கேட்க, மலையாளத்தில் மறுமொழி கூறுகிறது நம் குழந்தை. உடனே நாம் கொதிக்கிறோம். அக்கொதிப்பின் அடியில் இருப்பது அச்சம். இதே கொச்சங்காடியில் 1344இல் எழுந்த யூதத் தொழுகைக் கூடம் இன்றில்லை. அதன் கல்வெட்டு மட்டும் பரதேசித் தொழுகைக் கூடத்தில் எஞ்சியுள்ளது. நம் மொழியும் இவ்வாறு கல்லில் மட்டும் எஞ்சுமோ என்று அஞ்சுகிறோம். அச்சம் பொய்யன்று. ஆயினும் அவ்வெப்பத்தில், குழந்தை எம்மொழியில் பேசிற்று என்பதை அறிந்த நாம், என்ன பேசிற்று என்பதைக் கேளாது விடுகிறோம்.

தன்வெப்பம் தணித்தல் அன்பின்மை ஆகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. தொலைநோக்கி விண்மீனை அணைப்பதில்லை. அதன் வெம்மையை ஏற்கவே தான் குளிர்கிறது. மேலும், வெப் தொலைநோக்கியின் ஒருபுறம் எப்போதும் ஞாயிற்றை நோக்கியே நிற்கிறது; இயங்கும் ஆற்றலை அங்கிருந்தே பெறுகிறது. மறுபுறம் மட்டுமே குளிர்ந்து காண்கிறது. நாமும் மரபென்னும் ஞாயிற்றுக்குப் புறங்காட்ட வேண்டுவதில்லை. அதனின்று ஆற்றல் பெறுவோம். குழந்தையை நோக்கும் முகத்தை மட்டும் குளிர வைப்போம். கேட்கப்பட்ட குழந்தையே நாளை நம் சொல்லையும் கேட்கும்.