வீரரின் மனைவி அஸ்மா நாயகி (ரலி)

 

நாட்டைக் காக்கப் போர்முனைக்குச் சென்றவரைப் புகழ நாம் யாரும் தயங்குவதில்லை. கோலாலம்பூரில் 1966-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தைப் பார்க்காதவர் நம்மில் சிலரே. வெண்கலத்தில் வார்த்த ஏழு போர்வீரர்களின் உருவங்கள் அங்கே இருக்கின்றன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உயிர் கொடுத்தவர்களை அவை நமக்கு நினைவூட்டுகின்றன. பின்னர் 1993 அக்டோபரில், சோமாலியாவின் மொகதீஷு நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்கப் படையினரை மீட்கக் கவச வண்டிகளுடன் சென்ற மலேசிய வீரர்களில் ஒருவர் உயிர் துறந்தார். அவருக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். ஆனால் வீரரைப் பற்றிப் பேசும் நாம், அவர் வீட்டு அடுப்பை எரியவைத்த பெண்மணியைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

இது படைவீரர் வீட்டுச் சங்கதி மட்டுமன்று. நம் வாப்பாமார்களும் பாட்டனார்களும் ராஜூலா கப்பலில் ஏறி, அந்நாளில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அவர்கள் பிழைப்புத் தேடிய ஆண்டுகளில், இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் அவர்தம் மனைவிமார் தனியே குடும்பம் நடத்தினார்கள். சபராளியின் பெருமை ஊரெங்கும் பேசப்பட்டது. அவருடைய வீட்டில் கிணற்றுநீர் இறைத்தவரின் கைக்காய்ப்பை யாரும் பேசவில்லை. இந்தக் குறை நம்மிடம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அதன்பின் நம் மார்க்கச் சரித்திரம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகளார் அஸ்மா நாயகி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தமக்கையார். இஸ்லாத்தில் மிக முந்தி இணைந்தவர்களுள் ஒருவர். கி.பி. 622-இல் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்பட்டு ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள் அல்லவா? அந்தப் பயணத்துக்கு உணவு கட்டும்போது பையைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. அஸ்மா நாயகி தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார். 'இரு கச்சையுடையார்' என்னும் சிறப்புப் பெயர் அதனால் வந்தது. இந்தக் கச்சையை மறவாதீர்கள். முடிவில் இதனிடமே திரும்பி வருவோம்.

தந்தையார் புறப்பட்டபோது வீட்டிலிருந்த பணம் முழுவதையும் எடுத்துச் சென்றுவிட்டார். கண்பார்வை இழந்த முதிய பாட்டனார் அபூ குஹாபா, மகன் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டானோ என்று கலங்கினார். அஸ்மா நாயகி பணம் வைக்கும் மாடத்தில் கூழாங்கற்களைப் பரப்பி, மேலே துணியைப் போர்த்தி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். முதியவர் மனம் ஆறியது. உண்மையில் அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. வீட்டை விட்டு ஆண்மகன் போனபின் பெண் என்னென்ன சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவர் கணவர் ஹஜ்ரத் சுபைர் இப்னு அவ்வாம் (ரலி), பத்ரிலும் உஹதிலும் நாயகம் (ஸல்) அவர்களின் பக்கம் நின்று போரிட்ட மாவீரர். அஸ்மா நாயகி நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனாவுக்குப் பயணப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்தார். மக்காவிலிருந்து குடிபெயர்ந்தோருக்கு மதீனாவில் பிறந்த முதற் குழந்தை அதுவே.

மாவீரர் வீட்டில் செல்வம் இருந்ததா? ஒரு குதிரையும், நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறொன்றும் இல்லை. குதிரைக்குத் தீனி வைத்தவர் அஸ்மா நாயகி. நீர் சுமந்தவர் அவர். தோல்வாளி கிழிந்தால் தைத்தவர் அவர். மாவு பிசைந்தவரும் அவரே. ரொட்டி சுடுவதுதான் அவருக்குச் சரியாக வரவில்லை. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் அதைச் சுட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் நேர்மையான பெண்கள் என்று, பின்னாளில் இதைச் சொல்லும்போது அஸ்மா நாயகியே நன்றியுடன் நினைவுகூர்ந்தார். இவை யாவும் புகாரீ கிரந்தத்தில் அவர் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கின்றன.

சுபைர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த நிலம் வீட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தூரம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மஸ்ஜித் இந்தியாவுக்கு நடப்பது போன்ற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவது அஸ்மா நாயகியின் வழக்கம். ஒருநாள் அப்படி வருகையில் நாயகம் (ஸல்) அவர்களும் அன்ஸாரித் தோழர் சிலரும் எதிர்ப்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, தமக்குப் பின்னால் ஏற்றிச் செல்வதற்காக ஒட்டகத்தை மண்டியிடச் செய்தார்கள். ஆடவர் நடுவே செல்ல அஸ்மா நாயகிக்கு நாணம் வந்தது. கணவரின் ரோஷமும் நினைவுக்கு வந்தது. அவர் வெட்கப்படுவதை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், வற்புறுத்தாமல் அப்பாற் சென்றார்கள்.

வீடு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னார். நீ நாயகத்துடன் ஏறி வந்திருப்பதைவிட, கொட்டையைத் தலையில் சுமந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது என்று சுபைர் (ரலி) கூறினார். பார்த்தீர்களா சகோதரர்களே! தினமும் நடந்த காரியம்தான். ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்களின் ஒட்டகம் அவ்விடத்தில் நின்றபிறகே அதன் பாரம் அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசப்பட்டது. சுபைர் (ரலி) கல்நெஞ்சர் அல்லர். போரிலும் பயணத்திலும் மூழ்கியவர். நல்ல கணவரின் கண்ணுக்கும் சில சுமைகள் தெரியாமற் போய்விடுகின்றன.

சிறிது காலத்தில் அபூபக்கர் (ரலி) அவர்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளரை மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்மையே விடுதலை செய்தது போலிருந்தது என்று அஸ்மா நாயகி சொன்னார். தந்தையார் நீண்ட உபதேசம் செய்யவில்லை. பொறுமையைப் புகழ்ந்து கவி பாடவில்லை. ஓர் ஆளை அனுப்பினார்கள்.

இந்த வறுமையிலும் அவர் கை மூடியதில்லை. எண்ணி எண்ணிச் சேர்த்து வைக்காதே, அல்லாஹ்வும் உனக்கு எண்ணியே தருவான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு அறிவுறுத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) சிறுகச் சேர்த்து மொத்தமாகத் தருமம் செய்வார்கள். அஸ்மா நாயகியோ நாளைக்கென்று எதையும் வைப்பதில்லை என்பது அவர் மகனாரின் சாட்சி. இஸ்லாத்தை ஏற்காத தம் தாயார் தேடி வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்து, தாயாரை ஆதரித்துக்கொண்டார். பல சமயத்தாருடன் சேர்ந்து வாழும் நமக்கு இதுவும் ஒரு பாடம்.

அவர் வாழ்வு முழுவதும் சுகமாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. பின்னாளில் கணவரும் அவரும் மணவிலக்காகிப் பிரிந்தார்கள். கி.பி. 656-இல் சுபைர் (ரலி) கொல்லப்பட்டார். மகன்களில் உர்வா மதீனாவின் பேரறிஞர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றார். மூத்தவர் அப்துல்லாஹ் மக்காவில் ஆட்சிப் பொறுப்பேற்றார்.

ஹிஜ்ரீ 73, அதாவது கி.பி. 692. ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டிருந்தது. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போக, அப்துல்லாஹ் (ரலி) தாயாரிடம் யோசனை கேட்க வந்தார். தாயாருக்கு நூறு வயதை ஒட்டிய முதுமை, கண்பார்வை போய்விட்டது, அறிவு மங்கவில்லை. நீ சத்தியத்தில் இருப்பதாக உறுதியாக அறிந்தால் நிலைத்து நில் என்றார். இறந்தபின் தம் உடலைச் சிதைப்பார்களே என்று மகன் சொன்னபோது, அறுக்கப்பட்ட ஆட்டுக்குத் தோலை உரிப்பதால் நோவு உண்டா என்று கேட்டார். மகன் போரிட்டு மாண்டார். அவர் உடல் தொங்கவிடப்பட்டது.

அஸ்மா நாயகி வரமறுத்ததால் ஹஜ்ஜாஜே அவரிடம் வந்தான். நீ அவனுடைய இம்மையைக் கெடுத்தாய், அவன் உன்னுடைய மறுமையைக் கெடுத்துவிட்டான் என்று அந்த மூதாட்டி அவன் முகத்துக்கு நேரே கூறினார். மகனை 'இரு கச்சைக்காரியின் பிள்ளை' என்று அவன் ஏளனம் செய்வது அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஆம், நானே அவள். ஒன்றினால் நாயகத்தின் உணவைக் கட்டினேன், மற்றது எந்தப் பெண்ணுக்கும் தேவையான கச்சை என்றார். வீட்டுப் பெண்ணின் அரைக்கச்சைதான், அவ்வளவே! எழுபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் கொடுங்கோலன் முன் அவருக்குப் பெருமையாக நின்றது அது. மகனுக்குப் பின் சில நாட்களே வாழ்ந்து அவர் இறைவனிடம் சேர்ந்தார்.

அருமைச் சகோதரர்களே! அறப்போருக்குச் செல்பவரின் குடும்பத்தை நல்லமுறையில் கவனித்தவரும் போரிட்டவரே என்பது நபிமொழியின் கருத்து. மலேசிய வீரர்கள் 2007 முதல் லெபனானில் அமைதிப் பணிக்குச் சென்று வந்திருக்கிறார்கள். நம் மக்களில் படையில் இருப்பவர் உண்டு. கப்பலிலும் அயல்நாட்டிலும் உழைப்பவரும் உண்டு. அவர்கள் வீடுகளுக்கு நாம் செய்யத்தக்கவை மூன்று. அன்ஸாரிப் பெண்கள் போல அண்டை வீட்டார் ஒரு கை கொடுப்பது ஒன்று. நாயகம் (ஸல்) அவர்கள் போல வழியில் நின்று, சுமப்பவரின் நாணத்தையும் மதித்து, உதவலாமா என்று கேட்பது இரண்டு. சித்தீக் (ரலி) அவர்கள் போல, வாய்ப்புகழ்ச்சியோடு நில்லாமல் ஆளையோ பொருளையோ அனுப்புவது மூன்று. இதைச் செய்யச் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டியதில்லை. இன்று மஃரிபுக்குப்பின் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் மனைவி எதைச் சுமக்கிறார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உங்கள் உம்மா உயிரோடிருந்தால் அருகில் உட்கார்ந்து, அத்தா சபர் போயிருந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்க ஆளில்லாமல் எத்தனையோ சரித்திரங்கள் மண்ணோடு போய்விட்டன.

யா அல்லாஹ்! மறைவாக உழைத்த எங்கள் தாய்மார்களின் ஒவ்வொரு அடியையும் நீ அறிவாய். அவர்களுக்கு அஸ்மா நாயகியின் உறுதியையும், எங்களுக்கு அவர்கள் பாரத்தைக் காணும் கண்ணையும் தந்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.