பாதியில் நின்ற கோபுரம்

கொலோன் நகரத்து ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே அந்தத் தேவாலயம் கண்முன் நின்றது. 157 மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர, மனம் அசையவில்லை.

மனத்தை அசைத்தது அதன் கதைதான்.

1248-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார்கள். கெர்ஹார்டு என்பவர் முதல் தலைமைச் சிற்பி. 1322-இல் திருப்பீடம் அமைந்த கிழக்குப் பகுதி மட்டும் வழிபாட்டுக்கு அர்ப்பணமாயிற்று. பிறகு வேலை ஊர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஊக்கமும் வற்றி, அடியோடு நின்றுபோயிற்று. தெற்குக் கோபுரம் பாதி உயரத்தைக்கூட எட்டாமல் மொட்டையாய் நின்றது. அதன் தலையில், கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி. ஒரு நாள் இரு நாள் அல்ல. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது! கட்டடம் முடிந்ததோ 1880-இல்.

அடித்தளத்துக்குக் கல் சுமந்தவன் கோபுரத்தைப் பார்க்கவில்லை. அவன் பேரனுக்குப் பேரனும் பார்க்கவில்லை. முடிவைக் காணாத உழைப்பு வீண்தானா?

பலனை நினையாமல் கடமையைச் செய்தால் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஊரில் நண்பர்களோடு தொடங்கிய படிப்பகம் சுவர் எழும்பியதோடு நிற்கிறது. 'என்னால் ஆனது இவ்வளவுதான், மற்றதை வரப்போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் வரப்போகிறவன் வந்தே விட்டான். "ஐயா, அந்தக் கணக்கையும் வரைபடத்தையும் கொடுங்கள், நாங்கள் தொடர்கிறோம்" என்று ஓர் இளைஞன் கேட்டான். "பார்க்கலாம், தம்பி" என்றேன். காகிதங்கள் இன்னும் என் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன.

கொலோனில் கோபுரத்தை முடித்து வைத்தது நம்பிக்கை மட்டுமன்று. இடைக்காலச் சிற்பிகள் முகப்பு முழுவதையும் நான்கு மீட்டர் உயரத் தோலில் வரைந்து வைத்திருந்தார்கள். இடையில் காணாமற்போன அந்த வரைபடத்தின் ஒரு பாதி 1814-இல் டார்ம்ஸ்டாட் நகரத்திலும், மறுபாதி 1816-இல் பாரிஸிலும் கிடைத்தன. 1842-இல் வேலையை மீண்டும் தொடங்கியவர்கள் முகப்புக்கு அதையே பின்பற்றினார்கள். கூரைக்கோ தம் காலத்து இரும்பைப் பயன்படுத்தினார்கள்.

வரைந்தவர்களைத் தியாகிகளாக்க வேண்டாம். தாங்களே முடிப்போம் என்று எண்ணியும் வரைந்திருக்கலாம். ஆனால் இன்னொருவன் படித்துப் புரிந்துகொள்ளும்படி வரைந்தார்கள். முடிப்பது நம் கையில் இல்லாமலிருக்கலாம். அடுத்தவன் தொடரும்படி விட்டுச்செல்வது நம் கையில்தான் இருக்கிறது. அதைச் செய்யாதவன் பலனைத் துறந்தவன் அல்லன். தான் முடிக்காததை வேறு எவனும் முடித்துவிடக் கூடாது என்று நினைப்பவன். என் அலமாரிப் பூட்டுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்தபோது சுவரோரம் சாரம் கட்டியிருந்தது. மழையிலும் புகையிலும் அரித்த கற்களை இன்றும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முடிந்த கோபுரமும் முடிந்தபாடில்லை!

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து அந்த இளைஞனுக்குக் கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்க நாலு வரி. அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி.