தொட்டுக்கொள்ள

செஸ்டர்ட்டன் சீஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1910இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. கவிஞர்கள் ஏன் சீஸைப் பாடாமல் விட்டார்கள் என்று ஆரம்பிக்கிறது. பிறகு நான்கு ஊர்ச் சத்திரங்களில் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டு, நான்கிலும் சீஸ் வேறாக இருந்ததைக் கண்டு சந்தோஷப்படுகிறார். கடைசியில் வடக்கே ஒரு பெரிய நகரத்து ஆடம்பர ஹோட்டலுக்குப் போகிறார். அங்கே சீஸைக் கேவலமான சிறு துண்டுகளாக நறுக்கி, ரொட்டிக்குப் பதில் பிஸ்கட்டோடு கொண்டுவந்து வைத்துவிடுகிறான் பரிசாரகன். பிரார்த்தனையிலும் அன்றாட அப்பத்தை விட்டுவிட்டு அன்றாட பிஸ்கட்டைத்தான் கேட்பாயா என்கிற மாதிரி அவனை விசாரிக்கிறார். பி.ஏ. படிக்கும்போது இதை வாசித்துவிட்டு, வயிறு நிறைந்த ஆங்கிலேயர் ஒருவரின் சேட்டை என்று ஒதுக்கிவிட்டேன். அதுவரை நான் சீஸ் சாப்பிட்டதில்லை என்பதும் ஒரு காரணம்.

இரண்டு வருஷத்துக்கு முன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் மேலாளர் எங்கள் கிளையிலிருந்து நாலைந்து பேரை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கடன் புதுப்பித்தாகிவிட்ட மகிழ்ச்சி. மேஜைமேல் ஒரு மரப்பலகை. பலகையில் ஐந்து வகை சீஸ். சுற்றிலும் திராட்சை, அக்ரோட்டு, சின்னக் கிண்ணத்தில் தேன், ஊறவைத்த சின்ன வெங்காயம், ஒரு தட்டு நிறைய வெளிறிய பிஸ்கட். மனிதர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும், ஜில்லென்றிருந்தால் ருசி ஊமையாகிவிடும் என்றார். இளசிலிருந்து முற்றியதற்குப் போக வேண்டும்: முதலில் ஆட்டுப்பால் சீஸ், அப்புறம் பிரீ, அப்புறம் செடார், கடைசியில் நீலப் பூஞ்சை ஓடியது. நீலத்தின் உப்புக்குத் தேன், செடாருக்கு வெங்காயம். பிஸ்கட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அதில் ஓமமோ சீரகமோ மிளகோ இருக்கக்கூடாது. உப்புகூடத் தூக்கலாக இருக்கக்கூடாது. எங்கள் அதிகாரி, மொனாக்கோ ஆகாதா என்று கேட்டார். ஆகாது என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது.

அந்த பிஸ்கட்டைக் கொஞ்சம் கவனித்தேன். மைதா, தண்ணீர், ஏதோ கொஞ்சம் கொழுப்பு. மாவு உப்பிவிடாமல் ஆவி வெளியேறுவதற்காகக் குத்தப்பட்ட துளைகள். கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் கிடப்பதற்காகச் சுட்ட கடினமான பிஸ்கட்டின் நாகரிகப்பட்ட பேரன் அது. 1885இல் அயர்லாந்தில் ஜேக்கப் கம்பெனி செய்த கிரீம் கிராக்கரும் இதே வம்சம்தான். பெயரில் இருக்கும் கிரீம் பிஸ்கட்டில் கிடையாது. நாக்கில் படியும் கொழுப்பை வறண்ட மாவு துடைத்துவிடுகிறது. அடுத்த வாய்க்கு நாக்கு புதிதாகக் காத்திருக்கிறது. தனக்கென்று ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதுதான் அதன் உத்தியோகம்.

எனக்கு இங்கேதான் முதல் இடறல். நம் சாப்பாட்டிலும் சுவையற்ற ஒன்று இருக்கிறது, சுவையுள்ள ஒன்று இருக்கிறது. ஆனால் நம்மிடம் சுவையற்றதே சாப்பாடு. சோறு, களி, கூழ், இட்லி. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. 'சாப்பாட்டுக்கு என்ன?' என்று யாரும் கேட்பதில்லை, 'தொட்டுக்க என்ன?' என்றுதான் கேட்கிறார்கள். மரப்பலகையில் இது தலைகீழ். காரம் உள்ளது எஜமான், வெறுமனே இருப்பது ஊழியம். செஸ்டர்ட்டனின் கோபம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு ரொட்டி சாப்பாடு, பிஸ்கட் தட்டு. தன் உணவை யாரோ தட்டாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் அவருடைய புகார்.

தெற்கத்திக் கிராமங்களில் தொடுகறிக்கு வெஞ்சனம் என்று பெயர். வியஞ்சனத்திலிருந்து வந்த சொல். சமஸ்கிருதத்தில் வியஞ்சனம் என்றால் தொடுகறி, மெய்யெழுத்தும் வியஞ்சனம்தான். வெளிப்படுத்துவது என்பது வேர்ப்பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் கவிதையில் சொல்லாமல் உணர்த்தும் சக்திக்கு வைத்துக்கொண்ட பெயர் வியஞ்சனாவும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. ஊறுகாயையும் கவிதையின் தொனியையும் ஒரே வேரில் கட்டிய இந்தப் பாஷையின் ருசி எனக்குப் பிடித்திருக்கிறது. தொடுகறி எதை வெளிப்படுத்துகிறது? சோற்றை. உப்பும் புளிப்பும் பட்ட பிறகுதான் சோற்றின் அடியில் ஓடும் மெல்லிய இனிப்பு தெரிகிறது. சுவையற்றது என்று நாம் சொன்னது சுவை இல்லாததல்ல, காத்திருப்பது. இப்படிப் பார்த்தால் யார் யாருக்குத் துணை என்ற கேள்வியே அசட்டுத்தனமாகப் படலாம். படவில்லை, ஏனென்றால் அந்த மாலை இன்னும் முடியவில்லை.

ஐந்தாவது சீஸ் ஒன்று மூடி போட்டுத் தனியாக இருந்தது. உப்புநீரால் மேல்தோலைக் கழுவிக் கழுவி முதிர வைப்பது. தோல் ஆரஞ்சு நிறம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க அடித்தது. நாள் முழுக்க ஷூ போட்டிருந்த கால் என்றார் மேலாளர், பெருமையோடு. அவர் சொன்னது உவமை அல்ல, விஞ்ஞானம். அந்தத் தோலில் வளரும் பிரெவிபாக்டீரியத்தின் நெருங்கிய உறவினம்தான் மனிதக் கால்களில் குடியிருக்கிறது. மலேரியா பரப்பும் ஓர் ஆப்பிரிக்கக் கொசுவினம் லிம்பர்கர் என்ற சீஸின் வாசனைக்கும் மனிதக் காலின் வாசனைக்கும் ஒரேமாதிரி மயங்குகிறது என்று காட்டிய பார்ட் நோல்ஸுக்கு 2006இல் இக் நோபல் என்கிற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. கொசுவிடம் பாரபட்சம் இல்லை.

முதலில் கஷ்டமாக இருக்கும், பழக வேண்டும், பிஸ்கட்டில் கொஞ்சமாக வைத்துச் சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. நம் ஊருக்கு டின்னில் வந்து சேர்ந்த சீஸ், 1911இல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்த முறைப்படி உருக்கி, உப்புகள் சேர்த்து, வளர்வதையெல்லாம் வளரவிடாமல் செய்து அடைத்தது. பாடநூலில் சேர்த்த கவிதை மாதிரி, யாரையும் தொந்தரவு செய்யாது. இது அப்படியல்ல, உயிரோடு இருந்தது. வாயில் வைத்த கணத்தில் எனக்கு நினைவு வந்தது வஞ்சிரக் கருவாடு.

கருவாட்டை நினைத்ததும் வேறொன்றும் நினைவு வந்தது. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் வாடகை வீடு தேடியபோது வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'கருவாடு கிருவாடு செய்வீங்களா?' ஜாதி கேட்பது நாகரிகமில்லை என்பது அவருக்குத் தெரியும். 'இல்லை' என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் கருவாடு இல்லை. மாதம் ஒருமுறை அம்மா மின்சார ரயிலேறிப் பொன்னேரியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்வருவாள். எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பழவேற்காட்டிலிருந்து வருவது நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி. செய்முறை எளிது: உப்பு, வெயில், காற்று, பொறுமை. மீனின் உடம்பு பிரிந்து எழும் டிரைமெத்தில் அமீன்தான் அந்த வாடையின் முக்கியப் பங்காளி. கேழ்வரகுக் கூழின் லேசான புளிப்போடு அது சேர்வதைப்போல இரண்டு பொருள்கள் சேர்ந்து நான் பார்த்ததில்லை. கோடையில் ரோட்டோரத் தள்ளுவண்டிகளில் மோர்மிளகாய், மாங்காய்த்துண்டு, வெங்காயம் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். மரப்பலகை அங்கேயும் இருக்கிறது, தகரத்தில். பழைய தமிழில் நாற்றம் என்றால் மணம்தான், பூவுக்கும் நாற்றம் உண்டு. எப்போது அது இறங்கியது, யார் வீட்டு வாசலில் நின்று இறங்கியது என்று அகராதிகள் சொல்வதில்லை.

இதை வெறும் பாசாங்கு என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். அது சுலபம். ஆனால் வீட்டுக்காரர் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைச் சொன்னவர் கான்ட். 1798இல் வந்த மானுடவியல் நூலில், முகர்தல் சுதந்திரத்துக்கு விரோதமான புலன் என்கிறார். பார்க்கப் பிடிக்காவிட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒருவன் முகர்வதை அடுத்தவனும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மூச்சோடு சேர்த்து வாங்கியாக வேண்டும். இது உண்மை. அடுத்த வீட்டுக் கருவாடு என் மூக்குக்குள் வருவதை நான் தடுக்க முடியாது. பிடிக்காதது எல்லாம் ஜாதித் திமிர் ஆகிவிடாது. சிலருக்கு நிஜமாகவே குமட்டுகிறது.

சரி. அப்படியானால் அந்த நியாயம் அன்று மாலையும் செல்ல வேண்டும். செல்லவில்லை. மூடி திறந்தபோது யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. எங்கள் அதிகாரி, சைவர், முகத்தைச் சுளிக்காமலிருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அந்தப் பாடுதான் விஷயம். நாங்கள் எல்லோரும் எங்கள் மூக்கைத் திருத்திக்கொள்ள முயன்றோம். சீஸ் தவறாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்குத்தான் பழக்கம் போதவில்லை என்று நினைத்தோம். ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதும்போது நல்ல ரசிகனுக்குப் பயிற்சி வேண்டும், ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், முன்முடிவு கூடாது என்கிறார். மூன்றையும் மறுக்க மாட்டேன். எதன்மேல் பயில்வது, எதைப் பழகாமல் விட்டுவிடலாம் என்று அந்தப் பயிற்சிக்கு முன்பே யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். மேலிருந்து வரும் நாற்றத்துக்கு நாம் மாணவர்கள். கீழிருந்து வரும் நாற்றத்துக்கு நீதிபதிகள். பிரான்ஸின் பூர்தியூ 1979இல் ரசனையும் வர்க்கமும் பற்றிப் பெரிய புத்தகம் போட்டு இதையெல்லாம் கணக்கெடுத்துவிட்டார். ஏன் இப்படி என்று அவர் விளக்கிவிடுகிறார். சாப்பாட்டு அறையில் நான் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

பரிகாரமாக இப்போது நட்சத்திர ஹோட்டல்களில் கூழைச் சின்ன மண்கிண்ணத்தில் வைத்து, நாலு கருவாட்டுத் துண்டு அலங்கரித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. கூழ் அங்கே பிஸ்கட்டாகிவிடுகிறது. பசிக்குச் சாப்பிடுகிறவனை நீக்கிய பிறகே அந்தப் பண்டத்துக்கு அனுமதி.

பிஸ்கட்டின் மேல் நான் முதலில் கொண்ட இளக்காரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பழகாதவனை ஓர் அந்நியச் சுவையிடம் கூட்டிப்போகிற மரியாதை அது. கடித்துப் பார், கஷ்டமாக இருந்தால் நான் இருக்கிறேன் என்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். பால் விடாத தேநீரும் கிறீம் கிராக்கரும் வைத்தார். மேலே ஒன்றும் தடவவில்லை, பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்கும் விருந்தாளிக்கும் அதுதானாம். நான் சாப்பிட்ட பிஸ்கட்டுகளில் அது ஒன்றுதான் எதற்கும் துணையாக வரவில்லை.

சாப்பாட்டு அறை என்றேன். எங்கள் கிளையில் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு மேஜை, ஆறு நாற்காலி. பகுதிநேரத் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மத்தியானம் அங்கே ஓரமாக உட்கார்ந்து, தூக்குவாளியில் கொண்டுவந்த கூழைச் சென்னாக்குன்னியோடு சாப்பிடுவார். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தது. 'இன்னிக்கு மட்டும் வெளியில வச்சுச் சாப்பிடுங்கம்மா, வாடை வரும்' என்று சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. கருவாடு செய்ய மாட்டோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்ன அதே குரல்தான். அவர் தலையசைத்துவிட்டுப் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்துப் படிக்கட்டுக்குப் போனார். மறுநாளும் அங்கேயே போனார். அதற்கப்புறம் உள்ளே வரவே இல்லை.

சீஸ் சாப்பிட்ட மாலைக்கு அடுத்த வாரம், மத்தியானம் பின்பக்கம் போனேன். தூக்குவாளி திறந்திருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு எந்த நாள் என்றே முதலில் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தார். 'இங்கியே நல்லா காத்து வருது சார்' என்றார். பிறகு, நான் நின்றுகொண்டே இருந்ததால், 'சாப்பிடுறீங்களா?' என்று கேட்டார்.