விதியும் நீதியும்: ஒரு கையொப்பத்தின் விலை

அறம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பெருங்கொடுமைகளை முன்னிறுத்தியே நிகழ்கின்றன. கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகியவற்றின் தீமை எவர்க்கும் வெளிப்படை. வஞ்சனை சிறிதுமின்றி நேர்ந்த ஒரு பிழையை விதி கடுமையாகத் தண்டிக்குமாயின் அதனை நீதி எனலாமா என்பதே விடை காண்டற்கரிய வினாவாகும். 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற மகளிர் பகிரங்கக் கோல்ப் சுற்றுப்போட்டி இவ்வினாவைத் தெளிவாக நம்முன் வைக்கின்றது. கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் கழகங்கள் கண்ட அவ்வாட்டம் மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்குப் பழக்கமானதன்று. ஆயினும் அது எழுப்பும் வினா, வைகாசி தோறும் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த எம்மவர்க்குப் புதியதன்று.

நியூயோர்க் மாநிலத்தின் விங்ட்பூட் கழகத் திடலில் அப்போட்டி நடைபெற்றது. ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி பங் என்பார் நான்கு சுற்றுகளையும் 298 அடிகளில் முடித்தார். பெற்சி றோல்ஸ் 299 அடிகளில் முடித்தார். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் ஆட்டமாதலின், வெற்றி பங் அவர்களுக்கே உரியதாயிற்று. 1953 இல் இதே போட்டியில், சமநிலையின் பின் நடந்த மேலதிகச் சுற்றில் இதே றோல்ஸிடம் தோற்றவர் அவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆனால், வாழ்த்துகள் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் பிழையொன்று வெளிப்பட்டது. கோல்ப் ஆட்டத்தில் ஒருவரது அட்டையில் உடன் ஆடுபவரே அடிகளைக் குறிப்பார். ஆடியவர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். இறுதிச் சுற்றின் நான்காம் குழியில் பங் எடுத்தவை ஆறு அடிகள். உடன் ஆடிய பெற்றி ஜேம்சன் குறித்ததோ ஐந்து. ஜேம்சனின் அட்டையிலும் அதே குழியில் அதே பிழை நேர்ந்திருந்தது. பங் அவர்களின் அட்டையில் சுற்றின் மொத்தம் 72 எனச் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. எனினும், ஒரு குழிக்குரிய எண் உண்மையிலும் குறைவாகக் குறிக்கப்பட்ட அட்டையில் கையொப்பமிட்டவர் போட்டியினின்று நீக்கப்படுவார் என்பது விதி. இருவரும் நீக்கப்பட்டனர். பட்டம் றோல்ஸிற்குச் சென்றது.

எவரையும் ஏமாற்ற எண்ணாத ஒருவரைப் பொய்யர்க்குரிய தண்டனையால் தண்டிப்பது கொடுமை என்பதே நமது முதல் உணர்வாகும். எனினும், விதியின் பக்கத்தில் நின்றும் நோக்குதல் வேண்டும். பரந்த திடலெங்கும் சிதறி ஆடும் இவ்வாட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் நடுவரை நிறுத்துதல் இயலாது. ஆடுபவரே தமக்கு நடுவர். அவரது கையொப்பமே சான்று. பிழையா வஞ்சனையா என்று ஒவ்வொரு முறையும் உள்ளத்தை ஆராயத் தொடங்கின், வஞ்சகர் அனைவரும் தமது செயலை மறதி என்பர். மெய்யாக மறந்தவரோ தமது நேர்மையைப் பிறர்முன் நிறுவிக்காட்டும் இழிவுக்கு ஆளாவார். உள்ளத்தை ஆராயாது தாளை மட்டும் நோக்கும் விதி, ஒருவகையில் ஆடுபவரின் மானத்தைக் காப்பதுமாகும்.

எழுதியவர் ஒருவர், தண்டனை பெறுபவர் மற்றொருவர் என்பதும் பொருளற்றதன்று. 1968 ஆம் ஆண்டு மாஸ்ரர்ஸ் போட்டியில் ஆர்ஜென்ரீன வீரர் றொபேட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியில் மூன்று அடிகளே எடுத்தார். உடன் ஆடிய ரொமி ஏரன் நான்கு எனக் குறித்தார். கூடிய எண்ணாதலின் அவர் நீக்கப்படவில்லை. எழுதிய எண்ணே நிலைத்தது. அந்த ஓர் அடியால், பொப் கோல்பியுடன் சமநிலையிற் செய்ய வேண்டிய மேலதிகச் சுற்றினை அவர் இழந்தார். அவர் ஏரனைக் குறைகூறவில்லை. படியாமல் ஒப்பமிட்ட தம்மையே நொந்துகொண்டார்.

இவ்விடத்திற் பாண்டியன் நெடுஞ்செழியன் நம் நினைவுக்கு வருவது இயல்பே. கோவலனைக் கள்வன் என்றவன் பொற்கொல்லன். அச்சொல்லை ஆராயாது ஏற்று ஆணையிட்டவன் மன்னன். சிலம்பினின்று மாணிக்கப் பரல் தெறித்தபோது, பொற்கொல்லன் பொய்யுரைத்தான் என்று கூறித் தப்ப முயன்றிருப்பின் அவனைத் தடுப்பார் எவருமிலர். அவனோ தன்னையே குற்றவாளியாகத் தீர்த்து உயிர்நீத்தான். பிறர் கூற்றுக்குத் தன் முத்திரையை இட்டவன் அக்கூற்றுக்குத் தானே பொறுப்பாளி என்னும் அறமே அவன் முடிவில் விளங்குகின்றது.

ஆயினும், இவ்வொப்புமையை அளவுக்கு மேல் இழுத்தல் தகாது. மன்னனின் பிழையால் மாசற்ற ஓர் உயிர் போயிற்று. பங் அவர்களின் பிழையால் எவரும் எதனையும் இழக்கவில்லை. அவர் ஓர் அடியையேனும் மறைத்துப் பயன் பெறவுமில்லை. தண்டனை குற்றத்தின் விளைவுக்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்பது நீதியின் பாற்பட்டதாயின், இத்தண்டனை அவ்வெல்லையைக் கடந்தது என்றே கூறவேண்டும். கோல்ப் விதிகளை வகுப்போரும் காலப்போக்கில் இதனை ஒருவாறு உணர்ந்தனர். தனக்கு நேர்ந்த தண்ட அடியினை அறியாமையால் அட்டையிற் சேர்க்காது விட்டவரை நீக்கவேண்டியதில்லை என்னும் விலக்கு 2016 இல் சேர்க்கப்பட்டது. ஆயின், எடுத்த அடியையே குறைத்துக் குறித்த அட்டைக்கு அவ்விலக்குப் பொருந்தாது.

இனி, இவ்வினாவை ஆட்டத்திடலுக்கு வெளியே கொண்டுசெல்வோம். 1978 நவம்பரிற் சூறாவளியையும், 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலையையும், நீண்ட போரினையும் கண்டது எமது பிரதேசம். வீடிழந்த ஒரு தாய் நிவாரணம் கோரி அலுவலகத்தின் முன் நிற்கின்றாள் எனக் கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் அடையாள அட்டையில் வேறொருவாறும் அவளது பெயர் எழுதப்பட்டுள்ளது. இரண்டையும் எழுதியவள் அவளல்லள். “தாளில் உள்ளதே செல்லும்” என்று எழுதுவினைஞர் கூறுவாராயின், அதுவும் விங்ட்பூட் விதியும் ஒன்றேயோ?

ஒன்றன்று என்பதே எமது துணிபு. கோல்ப் வீராங்கனை விதியை அறிந்து, விரும்பி ஆட்டத்திற் புகுந்தவர். தமது அட்டையைப் படிக்கவும் திருத்தவும் வல்லவர். அத்தாய்க்கோ அவ்வாட்டத்திற் புகாதிருக்கும் உரிமை இல்லை. தாம் ஒப்பமிடும் தாள் எம்மொழியில் உள்ளதென்பதனைக்கூட அறியாதவர் பலர். கையொப்பத்திற்குப் பொறுப்புக் கோரும் விதி, கையொப்பமிடுவோர்க்கு மூன்றினை உறுதிசெய்தல் வேண்டும்: விரும்பி ஏற்கும் உரிமை, படித்துணரும் வாய்ப்பு, பிழையைத் திருத்தும் வழி. இம்மூன்றும் உள்ளவிடத்துக் கடுமையான விதியையும் ஓரளவு ஏற்கலாம். இவை இல்லாதவிடத்து விதியின் கடுமை வெறும் வலிமையேயாகும்.

விதி தீர்த்த பின்னரும் நீதிக்குக் கடமை எஞ்சியுள்ளது. பங் அவர்கள் நீக்கப்பட்ட பின் விங்ட்பூட் கழகத்தாரும் பார்வையாளரும் தம்முட் பணம் சேர்த்து அவருக்கு அளித்தனர். அது வெற்றிப் பரிசினையும் விஞ்சியதாயிருந்தது. அவர்கள் தீர்ப்பை மாற்றவில்லை. றோல்ஸ் பெற்ற பட்டத்தை மறுக்கவுமில்லை. தீர்ப்பின் கீழ் வீழ்ந்தவரைத் தனியே விடலாகாது என்று மட்டும் கருதினர்.

எமது கொம்பு விளையாட்டிலும் இவ்வுணர்வைக் காணலாம். ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாய் நின்று, ஒன்றோடொன்று கொளுவிய இரு கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். எவரது கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். அங்குத் தாளுமில்லை, கையொப்பமுமில்லை. முறிவு எல்லார் கண்ணுக்கும் தெரியும். வென்றோர் வசை பாடுவர். தோற்றோர் அதனைப் பொறுப்பர். ஆனால், இரு சேரியாரும் வேண்டுவது ஒன்றே: அம்மன் மனங்குளிர்ந்து மழையும் நலமும் தருதல். வென்றவர் வயலில் மட்டும் பெய்யும் மழையை எவரும் வேண்டுவதில்லை. தோற்றோரும் ஊரினர் என்பது ஆட்டத்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

ஆகவே, விதியும் நீதியும் ஒன்றல்ல, ஒன்றையொன்று விலக்குவனவுமல்ல. விதி இன்றேல் வஞ்சகர் வெல்வர். விதி ஒன்றே போதுமெனின் மாசற்றோர் வீழ்வர். நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் நீதிபதியாகவும் அமரவிருக்கும் பல்கலைக்கழக மாணவர் முன் நாள்தோறும் தாள்கள் வரும். அவற்றிற் பிழையிருப்பின் சுட்டுதல் அவர் கடமை. அத்தாளை நீட்டிய கை அதனைப் படிக்க வல்லதா, திருத்த வழியுள்ளதா என வினவுதலும் அக்கடமையின் பாற்பட்டதே. அவ்வினாவை எழுப்பாது இடப்படும் ஒவ்வொரு முத்திரையும், ஆராயாது ஆணையிட்ட அம்மன்னனின் முத்திரையை ஒத்ததாகும்.