ஏவல்

தமிழில் வினைச்சொல்லின் வேரும் ஏவல் ஒருமையும் பெரும்பாலும் ஒன்றுதான்: வா, எடு, துடை, பெருக்கு. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். இலக்கணமாகப் படிக்கும் முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்கள் இவை.

யுனிக்ஸ் கட்டளைகளும் இப்படி வெறும் வேர்கள்தாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த இந்த இயங்குதளத்தில் நகலெடு, நகர்த்து, அழி என்று ஏவ இரண்டிரண்டு எழுத்து போதும். சொன்னது நடந்துவிட்டால் பெரும்பாலும் பதில்கூட வராது. மதுரைத் திட்டம் வலையேற்றிய சங்க நூல்களில் சொற்களைத் தேடுவதற்காக, நாற்பதைக் கடந்தபின் அடையாற்று வீட்டு மேசையில் இதைக் கற்கத் தொடங்கினேன். து. நித்யாவின் ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ துணைக்கு இருந்தது. ‘கிரெப்’ என்ற கட்டளையிடம் ‘தோழி’ என்ற சொல்லையும் குறுந்தொகைக் கோப்பையும் கொடுத்தால், அச்சொல் வரும் வரிகளெல்லாம் நொடியில் திரையில் நிற்கும். இது ஆண்களின் உலகம் என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: லொரிண்டா செரி. பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸின் ‘பிசி’ கணக்குக் கருவியை எழுதியவர். ஆங்கில வாக்கியத்தில் எது பெயர், எது வினை என்று பிரிக்கும் நிரலும் அவருடையது.

காலமெல்லாம் ஏவப்பட்டவள் ஏவக் கற்றால் அது விடுதலையா? அவ்வளவு எளிதாக ஆம் என்று சொல்ல எனக்கு முடியவில்லை. ஏவுவது நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும், வீட்டுவேலைக்கு வரும் மூத்த பெண்ணை ‘வா, துடை’ என்று ஒருமையில் ஏவுகிற படித்த பெண்கள் நமக்குள் உண்டு. ஏவும் இடத்தில் போய் உட்காருவதுதான் விடுதலை என்றால், நமக்குக் கீழே எப்போதும் இன்னொருத்தி வேண்டியிருக்கும்.

கருந்திரை கற்றுத்தருவது வேறொன்று. ‘காபி கொண்டா’ என்பவருக்குக் காபித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. தெரியாமலே இருக்க முடிவதுதான் அவருடைய அதிகாரம். தெரிந்துவைத்திருப்பது ஏவப்படுபவளின் வேலை. யுனிக்ஸில் அது செல்லாது. கோப்பு எந்த அடைவுக்குள் இருக்கிறது, அதைப் படிக்க, எழுத, இயக்க யாருக்கு அனுமதி என்பதெல்லாம் ஏவுபவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். குறிப்பறிந்து நடக்க அங்கே யாரும் இல்லை. ‘அழி’ என்றால் ‘நிச்சயமாகவா?’ என்று பொதுவாகக் கேட்காது. விளைவும் ஏவியவளுடையதே.

ஆகவே ஓர் ஏவலைக் கேட்டால் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஏவியவருக்கு அந்த வேலை தெரியுமா? விளைவை யார் சுமக்கிறார்? நம் வீடுகளில் பல ஏவல்கள் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும்.

ஆனால் வேலை தெரிந்துவிட்டால் மட்டும் மனிதரை ஏவும் உரிமை வந்துவிடாது. துடைக்கத் தெரிந்த நாமும்தான் இன்னொருத்தியை ‘துடை’ என்கிறோம். கருவிக்கு வேர்ச்சொல் போதும். மறுக்கும் உரிமை உள்ளவரிடம் ஏவல் செல்லாது, கேட்கத்தான் வேண்டும்.